பாசறையில் ஒரு குழந்தைச் செருப்பு

ஒரு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. வாசலைப் பார்த்தால் போதும். குதிகால் தேய்ந்த பெரிய செருப்பு ஒன்று, பக்கத்தில் பூ வைத்த பட்டையோடு இன்னொன்று, ஒன்று மேல்படியிலும் ஒன்று கீழ்ப்படியிலுமாக உதறிவிட்டுப் போன பள்ளிக்கூட ஷூ, மிதித்தால் விளக்கு எரியும் குட்டிச் செருப்பு. குடும்ப அட்டையைவிட இந்தக் கணக்கு சரியாக இருக்கும்.

இப்போது ‘பேச்சிலர்களுக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய மேன்ஷன் ஒன்றில் நடந்து போகிறீர்கள். நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள், அறைக்கு நாலைந்து பேர். ஒரு வாசலில் உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு குழந்தைச் செருப்பு கிடக்கிறது. எதை நம்புவீர்கள், பலகையையா, செருப்பையா?

ரோமானியப் படையை ஆராய்பவர்களுக்கு இதே சிக்கல்தான் வந்தது. பலகை என்பது அங்கே பேரரசின் சட்டம். செருப்பு என்பது நிஜமாகவே செருப்பு.

முதலில் சட்டம். ரோமப் பேரரசின் முதல் இரு நூற்றாண்டுகளில், சாதாரணப் படைவீரன் பணியில் இருக்கும்வரை சட்டப்படி மணம் செய்துகொள்ள முடியாது. முதல் பேரரசர் அகஸ்டஸ் போட்ட விதி இது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. சட்டத்தின் மூல வாசகம் நம் கைக்கு வரவில்லை, அதன் நிழல் பல இடங்களில் விழுந்திருக்கிறது. கி.பி. 44இல் பேரரசர் கிளாடியஸ் வீரர்களுக்கு ‘மணமானவர்களின் சலுகைகளை’ வழங்கினார் என்றும், சட்டம் அவர்களுக்கு மனைவியை அனுமதிக்காததே காரணம் என்றும் வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். எதற்கு அந்தச் சலுகை? அகஸ்டஸின் வேறொரு சட்டம், மணமாகாத ஆண்களின் வாரிசுரிமையைக் குறைத்திருந்தது. மணம் செய்யாதே என்றது ஒரு சட்டம், செய்யாததற்குத் தண்டித்தது இன்னொன்று. அரசாங்கங்களோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

படைப்பணி ஓராண்டு, ஈராண்டு அல்ல. இருபது வயதையொட்டிச் சேர்ந்தவன், 25 ஆண்டு கழித்து நாற்பத்தைந்தில் வெளியே வருவான். அதுவரை உயிரோடு இருந்தால். சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் ஓய்வுநாளைப் பார்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். போரைவிட நோய் பெரிய எதிரி. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்படி மூன்று லட்சம் பேருக்கு மேல் பணியில் இருந்தார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் ரோமக் குடியுரிமை பெற்றவர்கள், லீஜியன் எனப்படும் பெரும்படையணிகளில் இருந்தார்கள். மற்றவர்கள் வெல்லப்பட்ட நாடுகளிலிருந்து திரட்டிய துணைப்படையினர், குடியுரிமை இல்லாதவர்கள். இத்தனை ஆண்களும் இளமை முழுவதையும் தனிக்கட்டையாகவே கழித்தார்களா?

இனி செருப்பு.

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே, விண்டோலாண்டா என்ற கோட்டை இருந்தது. கி.பி. 85 வாக்கில் கட்டினார்கள். புகழ்பெற்ற ஹேட்ரியன் சுவர் அதற்கு வடக்கே எழும்பியது 122க்குப் பிறகுதான். தொடக்கக் கால விண்டோலாண்டா முழுக்க மரக்கோட்டை. மழைநாட்டில் மரம் எத்தனை நாள் தாங்கும்? ஒரு படைப்பிரிவு போய் இன்னொன்று வரும்போதெல்லாம் பழையதை இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேல் களிமண்ணையும் புல்தரைக் கட்டிகளையும் பரப்பி, புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை வீட்டுத் தளத்தை உயர்த்திக்கொண்டே போனது மாதிரி. ஒவ்வொரு தளத்துக்கும் கீழே முந்தைய குடியிருப்பாளர்களின் குப்பை அப்படியே மூடிக்கிடந்தது.

அந்தக் குப்பையிலிருந்து இதுவரை 5,000க்கும் மேற்பட்ட காலணிகள் கிடைத்திருக்கின்றன. ஒரே ரோமானியக் கோட்டையிலிருந்து இவ்வளவு கிடைத்தது வியப்பு. தோல் எப்படி 1,900 ஆண்டு மக்காமல் இருந்தது என்பது அதைவிட வியப்பு. அதற்கான விடை நம் சமையலறையில் இருக்கிறது.

மாங்காயைக் கெடாமல் வைக்க நமக்கு இரண்டு வழி தெரியும். வெயிலில் காயவைத்து வற்றலாக்கலாம். அல்லது ஊறுகாய் போட்டு மேலே இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நிற்கும்படி ஊற்றலாம். பொருளை அழுகவைக்கும் பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கும் பூஞ்சைகளுக்கும் தண்ணீரும் வேண்டும், காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும். வற்றல் தண்ணீரைப் பறிக்கிறது. எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. இரண்டில் ஒன்றை நிறுத்தினாலும் அழுகல் நிற்கும், அல்லது ஊர்ந்து நகரும் அளவுக்கு மெதுவாகும்.

விண்டோலாண்டா ஓர் ஊறுகாய் ஜாடி. நீர் தேங்கிய மண், மேலே இறுக்கமாகக் களிமண் மூடி. ஜாடிக்குள் மிச்சமிருந்த ஆக்சிஜனை முதலில் அழுகியவை தின்று தீர்த்தன, பிறகு வந்ததற்கு எதுவும் மிஞ்சவில்லை. இதை ஆக்சிஜனற்ற சூழல் என்பார்கள். தோல் தன் பங்குக்கும் தயாராகவே வந்திருந்தது. மரப்பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுப் பதனிட்ட தோல் அது. நம் ஊரில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே துவர்ப்புப் பொருள்தான், டேனின். தோலின் புரத இழைகளை அது ஒன்றோடொன்று கட்டிப்போட்டு, நுண்ணுயிர்களின் பல்லுக்குச் சிக்காமல் செய்துவிடும்.

இன்னொரு மூலையில், எகிப்து வற்றல் தட்டு. அங்கே பாப்பிரஸ் தாள்கள் பாலைவனத்தின் வறட்சியில் காய்ந்து தப்பின. இடையில் இருந்த இத்தாலி, கிரீஸ், பிரான்சு போன்ற மிதமான நாடுகளில் பெரும்பாலானவை மட்கிப்போயின. அதனால் ரோமப் படைவீரனின் அன்றாடம் நமக்குத் தெரிவது பேரரசின் இரண்டு ஓரங்களிலிருந்து. ஒன்று சொட்டச் சொட்ட ஈரம், ஒன்று பொட்டல் வறட்சி.

செருப்புக்கு வருவோம். பெரிய செருப்பு ஆணுடையது, சிறியது பெண்ணுடையது என்று ஒன்றை எடுத்துச் சொல்லிவிட முடியாது. சின்னக் கால் உள்ள ஆண் உண்டு, பெரிய கால் உள்ள பெண் உண்டு. போதாக்குறைக்குத் தோல் காயும்போது சுருங்கும். ஆனால் ஒன்றை வைத்துச் சொல்ல முடியாததை ஐந்நூறை வைத்துச் சொல்லலாம்.

கல்யாண மண்டப வாசலில் குவிந்த செருப்புகளை நீளவாரியாக அடுக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நீளமுள்ளவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கத்தில் அடுத்த நீளம், அப்படியே வரிசையாக. வந்தவர்கள் எல்லாரும் வளர்ந்த ஆண்கள் என்றால், அடுக்குகள் சேர்ந்து ஒரே ஒரு குன்று போல நிற்கும். நடுத்தர அளவில் உச்சி, இருபுறமும் சரிவு. பெண்களும் வந்திருந்தால் சற்றுச் சிறிய அளவில் இரண்டாவது உச்சி எழும்பும், ஒட்டகத்துக்கு இரண்டு திமில் போல. குழந்தைகளும் வந்திருந்தால் சிறிய பக்கம் ஒரு வால் நீளும். எந்தச் செருப்பு யாருடையது என்று ஒருவரையும் கேட்காமலே கூட்டத்தின் சேர்க்கை தெரிந்துவிடும். புள்ளியியலில் இதைப் பரவல் என்கிறார்கள். தோல் சுருங்கியதும் இங்கே பெரிய இடைஞ்சல் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் குன்று இடம் மாறுமே தவிர, இரண்டு திமில் ஒன்றாகாது.

1990களில் நெதர்லாந்தின் தோல்பொருள் ஆய்வாளர் கரோல் வான் டிரில்-மரே விண்டோலாண்டாச் செருப்புகளை இப்படிப் பார்த்தார். கோட்டைத் தலைவரின் வீட்டில் பெண்கள், குழந்தைகள் செருப்பு இருந்தது பிரச்சினையே அல்ல. தலைவர் உயர்குடியினர், தடை அவருக்குப் பொருந்தாது, குடும்பத்தோடு வரலாம். அந்த வீட்டில் கிடைத்த ஒரு பச்சிளங்குழந்தையின் காலணி, அடியில் இரும்பாணி அறைந்து, பெரியவர்களின் போர்க்காலணியை அச்சாகப் பிரதி எடுத்தது போல இருக்கிறது. அதைப் போட்ட பிள்ளை நடக்கப் பழகியிருந்தால் அதிசயம். அப்பா யார் என்று ஊருக்குக் காட்ட வந்த செருப்பு அது. நடப்பதற்கு அல்ல.

சிக்கல் எழுந்தது படைவீரர் குடியிருப்பில். நம் போலீஸ் லைன் வீடுகளைப் போல நீளமான கட்டடம், தடுத்த அறைகள், அறைக்கு எட்டுப் பேர் என்பது கணக்கு. கி.பி. 105க்கும் 120க்கும் இடைப்பட்ட அடுக்கில், அந்த அறைகளின் எச்சங்களிலேயே சிறிய அளவுச் செருப்புகள் இருந்தன. பெண்கள் அளவு. குழந்தைகள் அளவு. தடை நீங்கியதாகச் சொல்லப்படும் ஆண்டுக்கு இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

நல்ல ஆய்வாளர் இங்கே குதித்துக் கொண்டாடமாட்டார், தன் முடிவைத் தானே குத்திப் பார்ப்பார். சிறிய செருப்பு அடிமைச் சிறுவர்களுடையதாக இருக்கலாமே? வீரர்கள் வேலைக்குப் பையன்களை வைத்திருந்தது உண்மை. பதின்ம வயதுப் பையனின் காலும் பெண்ணின் காலும் அளவில் ஒன்றாகிவிடும், இந்த ஐயத்தை முழுதாகத் துடைக்க முடியாது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையை யாரும் வேலைக்கு வைப்பதில்லை. சரி, வெளியிலிருந்து குப்பையாக வந்து விழுந்திருக்கலாமே? அகழியில் கிடைத்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அகழி ஊருக்கே பொதுத் தொட்டி. குடியிருந்த அறையின் தரையில், பரப்பிய வைக்கோலும் புதர்ச்செடியுமாக மிதிபட்ட அடுக்குக்குள் கிடைப்பது வேறு கதை. இதற்குப் பிறகு வேறு கோட்டைகளிலும் தேடத் தொடங்கினார்கள். விண்டோலாண்டாக் குழந்தைச் செருப்புகளை ஆய்வாளர் எலிசபெத் கிரீன் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘பாசறை என்றால் ஆண்கள் மட்டும்’ என்று பழைய பாடநூல்கள் வரைந்த படம் கலையத் தொடங்கியது.

செருப்பு யாருடையது என்பதைத்தான் சொல்லும். அவர் எங்கிருந்து வந்தவர் என்று சொல்லாது. பல் சொல்லும். 2010இல் விண்டோலாண்டாவில் படைவீரர் குடியிருப்பு அறை ஒன்றின் தரைக்கு அடியில், குழி தோண்டிப் புதைத்த ஒரு குழந்தையின் எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறக்குறைய பத்து. காலம் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. குடியிருப்புக்குள் பிணம் புதைப்பது ரோமச் சட்டப்படி குற்றம், ஆகவே இது மறைத்துச் செய்த காரியம். பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகும், பிறகு புதுப்பிக்கப்படாது. அந்த வயதில் குடித்த தண்ணீரின் கையெழுத்து அதில் உறைந்துவிடும். ஆக்சிஜன் அணுக்களில் எடை குறைந்ததும் உண்டு, சற்று எடை கூடியதும் உண்டு. இவற்றை ஐசோடோப்புகள் என்பார்கள், தனிம அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காருவதால் ‘ஓரிடத்தான்’ என்று தமிழில் எழுதுவதும் உண்டு. கடலிலிருந்து கிளம்பும் மேகத்தில் எடை கூடியது முதலில் மழையாக இறங்கிவிடும், மூட்டை சுமந்தவர் முதல் நிறுத்தத்திலேயே பேருந்தை விட்டு இறங்குவது போல. குளிர்ந்த வடக்குக்குப் போகப் போக மழைநீரில் எடை குறைந்ததன் பங்கு கூடிக்கொண்டே போகும். இந்தக் குழந்தையின் பல் வட இங்கிலாந்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததல்ல, ஏறக்குறைய ஏழு வயதுவரை மத்தியதரைக் கடல் பக்கம் வளர்ந்தது. யாரோ அழைத்து வந்திருக்கிறார்கள். யார், எதற்கு என்று பல் சொல்லவில்லை.

விண்டோலாண்டா பேசவும் செய்யும். 1973இல் அகழாய்வாளர் ராபின் பர்லி, இழைப்புச் சீவல் போன்ற மெல்லிய மரத்துண்டுகளைக் கண்டார். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைப் பிரித்தபோது உள்ளே மையெழுத்து இருந்தது. காற்றுப் பட்டதும் மங்கவும் தொடங்கியது. காப்பாற்றியது அகச்சிவப்புக் கதிர். கரிமை அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும், மரம் அதைத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குக் கறுப்பின்மேல் கறுப்பாகத் தெரிவது, அகச்சிவப்பு ஒளிப்படத்தில் வெளுத்த மரத்தில் கறுப்பெழுத்தாகத் தெரியும். ஆலன் போமனும் டேவிட் தாமஸும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் கிறுக்கல்களைப் படித்தார்கள்.

அவற்றில் மிகவும் பேசப்படுவது ஒரு பிறந்தநாள் அழைப்பு. கி.பி. 100 வாக்கில், பக்கத்துக் கோட்டைத் தலைவர் ஒருவரின் மனைவி கிளாடியா செவெரா, விண்டோலாண்டாத் தலைவர் செரியாலிஸின் மனைவி லெபிடினாவை செப்டம்பர் 11 அன்று தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்கிறார். எழுத்தர் எழுதிய கடிதத்தின் அடியில் தன் கையாலேயே சில வரி சேர்த்திருக்கிறார். லத்தீனில் ஒரு பெண் எழுதி நமக்குக் கிடைத்த மிகப் பழைய கையெழுத்துகளில் அது ஒன்று. ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல. கிராவுட்டியஸ் என்பவர், ஒரே அறையில் தங்கிய பழைய தோழர் வெல்டேயஸுக்கு எழுதியது. இத்தனை நாள் ஏன் ஒரு பதிலும் இல்லை என்று கோபித்துக்கொண்டு, விலங்கு மருத்துவரிடமிருந்து வரவேண்டிய கத்தரிக்கோலை நினைவூட்டி, ‘சகோதரி’ துட்டேனாவைக் கேட்டதாகச் சொல்லும்படியும் எழுதுகிறார். தோழனைச் சகோதரன் என்பது அங்கே வழக்கம். அந்தச் ‘சகோதரி’ உடன்பிறந்தவளா, தோழனின் துணைவியா, யாருக்குத் தெரியும்? பாசறைத் தோழனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெண்ணின் நலம் சாதாரணமாக விசாரிக்கப்படுகிறது என்பதுதான் செய்தி.

இன்னொரு பலகை வரவுப் பதிவேடு. மே 18, முதலாம் துங்கிரியப் படைப்பிரிவு, இன்றைய பெல்ஜியப் பக்கத்து ஆட்கள். மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் ஊரிலேயே இல்லை. 337 பேர் பக்கத்துக் கோரியாவில், 46 பேர் ஆளுநரின் காவல் பணியில், மற்றவர்கள் அங்கும் இங்கும். கோட்டையில் மிஞ்சிய 296 பேரில் 15 பேருக்கு உடல் நலமில்லை, 6 பேருக்குக் காயம், 10 பேருக்குக் கண்வீக்கம். மெட்ராஸ் ஐக்கு 1,900 ஆண்டு முன்னோடி. ஆக, வேலைக்குத் தகுதியானவர் 265. பாடப்புத்தகப் படத்தில் கேடயத்தைக் கேடயத்தோடு ஒட்டி அசையாமல் நிற்கும் படையை இந்த ஏட்டில் தேடினால் கிடைக்காது. காவல், தூது, அலுவலகம், பாலம், சாலை, தானியக் கணக்கு என்று ஒரு நாட்டையே நடத்திக்கொண்டிருந்த கூட்டம் அது. இன்றைய மான்செஸ்டர், செஸ்டர் போன்ற ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டியிருப்பது பாசறையைக் குறிக்கும் ‘காஸ்ட்ரா’ என்ற லத்தீன் சொல்தான்.

ஒரு கணக்குப் பலகையில் மிளகு வாங்கியதற்கு 2 டினாரியஸ் காசு என்று இருக்கிறது. வாங்கியவர் பெயர் காம்பாக்ஸ், ரோமப் பெயரே அல்ல. மிளகு அன்று விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில். சேர நாட்டு முசிறியில் கப்பலேறி, செங்கடல் கடந்து, நைல் வழியே அலெக்சாண்டிரியா போய், அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் கட்டி, ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து ஒரு சிப்பாயின் குழம்பில் விழுந்திருக்கிறது. பேரரசின் செலவில் பாதிக்கு மேல் படைக்கே போனது என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. அப்படியானால் அந்தச் சுங்கத்தில் ஒரு பகுதி காம்பாக்ஸின் ஊரிலேயே சம்பளமாக வந்து சேர்ந்திருக்கும். மிளகு தன் விலையைத் தானே ஓரளவு சுமந்துகொண்டு போயிருக்கிறது.

சம்பளம் என்றதும் எகிப்து வற்றல் தட்டுக்குப் போகலாம். கி.பி. 81ஆம் ஆண்டின் ஒரு பாப்பிரஸ், இரண்டு வீரர்களின் சம்பளக் கணக்கு. ஆண்டுக்கு மூன்று தவணை. ஒரு தவணை எகிப்தியக் காசில் ஏறக்குறைய 248 டிராக்மா. அதில் பிடித்தங்கள்: உணவுக்கு 80, வைக்கோலுக்கு 10, காலணிக்கும் பட்டைக்கும் 12. திருவிழாவுக்கும் பிடித்திருக்கிறார்கள், துணிக்கும் பிடித்திருக்கிறார்கள். வீரனின் செருப்புக்கு அரசு ஏட்டில் ஒரு வரி இருந்தது. குட்டிச் செருப்புக்கு வரியே இல்லை. அந்த ஏட்டைப் பொறுத்தவரை அப்படி ஒரு கால் இல்லை.

இல்லாத மனைவிக்கு என்ன ஆகும் என்பதை இன்னொரு பாப்பிரஸ் காட்டுகிறது, எகிப்து ஆளுநர்கள் அளித்த தீர்ப்புகளின் தொகுப்பு. கி.பி. 117இல் லூசியா மக்ரினா என்ற பெண் ஆளுநர் லூப்பஸின் முன் நிற்கிறார். இறந்துபோன ஒரு வீரரிடம் தான் கொடுத்து வைத்திருந்த பணத்தை, அவர் விட்டுப்போன சொத்திலிருந்து மீட்டுத் தரவேண்டும் என்பது வழக்கு. பத்திரத்தில் இருந்த சொல் ‘வைப்புத்தொகை’. சீதனம் என்று எழுத வழியில்லை, மணமே செல்லாதபோது சீதனம் ஏது? அதனால் எல்லாரும் வைப்புத்தொகை என்று எழுதிக்கொண்டார்கள். லூப்பஸுக்கு இது தெரியாமலில்லை. இந்த வைப்புத்தொகைகள் சீதனமே என்று நமக்குத் தெரியும், வீரன் மணக்க முடியாது, ஆகவே வழக்கை எடுக்க முடியாது என்ற பொருளில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். உண்மையைக் கண்டுபிடித்ததற்காகவே தோற்ற வழக்கு! சட்டம் தடுத்ததை மக்கள் எவ்வளவு சாதாரணமாகச் செய்துவந்தார்கள் என்பதற்கு இந்தக் கடுமையான தீர்ப்பைவிடப் பெரிய சான்று வேண்டாம். அபூர்வமாக நடப்பதற்கு யாரும் மாற்றுச்சொல் பழக்கத்தில் வைத்திருக்கமாட்டார்கள்.

இரண்டே ஆண்டில், 119இல், பேரரசர் ஹேட்ரியன் எகிப்து ஆளுநருக்கு எழுதிய கடிதத்தின் கிரேக்கப் படி கிடைத்திருக்கிறது. அலெக்சாண்டிரியாவுக்கு அருகிலிருந்த பாசறையில் வீரர்கள் பார்க்க ஒட்டி வைத்தது. தந்தை பணியில் இருந்தபோது பிறந்த பிள்ளைகள் சட்டப்படி வாரிசுகள் அல்ல, ஆனாலும் இரத்த உறவினர் என்ற வரிசையில் தந்தையின் சொத்தைக் கேட்கலாம் என்று அனுமதிக்கிறார். பிள்ளை பிள்ளையல்ல, ஆனால் உறவு. மனைவியைப் பற்றி மூச்சில்லை. தடையை எடுக்காமல், தடையின் காயத்துக்கு மட்டும் மருந்து.

ஏன் அந்தத் தடையை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள்? ஒழுங்கு குலையும், படையை நினைத்த இடத்துக்கு நகர்த்த முடியாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு இது பாதிதான் உண்மை என்று படுகிறது. குடும்பம் இருந்தது, படையும் நகர்ந்தது, செருப்புகளே சாட்சி. சட்டம் காப்பாற்றியது கருவூலத்தை. மனைவி இல்லை என்று எழுதிவிட்டால் அவளுக்குச் சோறு இல்லை, வீடு இல்லை, கணவன் செத்தால் கொடுக்க ஒன்றுமில்லை. ஓய்வூதியத்துக்கே அகஸ்டஸ் கி.பி. 6இல் தனிக் கருவூலம் தொடங்கி, வாரிசுச் சொத்தில் 5 விழுக்காடும் ஏல விற்பனையில் 1 விழுக்காடும் வரி போட்டு, ரோமப் பணக்காரர்களின் வசையை வாங்கிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சாட்சி வெண்கலம். துணைப்படை வீரன் 25 ஆண்டு முடித்தால் அவனுக்கு ரோமக் குடியுரிமை. அதற்கு அடையாளமாக, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு வெண்கலத் தகடுகள், புத்தகம் போல மூடிக் கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரை வைத்தவை. உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் அதே வாசகம். வெளியே இருப்பதை யாராவது திருத்தினால், முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒத்துப்பார்க்கலாம். நம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இவ்வளவு நல்ல ஏற்பாடு உண்டா என்று சொல்லத் தெரியவில்லை. கிடைத்தவற்றில் மிகப் பழையது கி.பி. 52ஐச் சேர்ந்தது. இன்று ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன.

பத்திரம் யாருக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். வீரனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் குடியுரிமை. அதோடு, குடியுரிமை கிடைத்த நாளில் அவனுக்கு இருந்த மனைவியோடு சட்டப்படியான மண உரிமை, மனைவி இல்லையென்றால் பிறகு மணப்பவளோடு. கூடவே ஒரு நிபந்தனை, ஒருவனுக்கு ஒருத்தி மட்டும். அதாவது பணியில் இருக்கும்வரை மனைவியே இல்லை என்ற அதே அரசு, பணி முடியும் நாளில் ‘ஏற்கெனவே இருக்கும் மனைவி’ என்று வெண்கலத்தில் வெட்டிக் கொடுக்கிறது. சில தகடுகளில் மனைவி பெயரும் பிள்ளைகளின் பெயரும் வரிசையாக உண்டு. இல்லாததை இருப்பதாகவோ, இருப்பதை இல்லாததாகவோ சட்டம் பாவித்துக்கொள்வதைச் சட்டப் புனைவு என்பார்கள். இத்தனை லட்சம் பேரை வைத்து இத்தனை தலைமுறை ஓடிய புனைவு அதிகமில்லை.

தகடுகளில் ஆண்டு துல்லியமாக இருப்பதால் வரிசையாக அடுக்கி வாசகம் எப்போது மாறுகிறது என்று பார்க்கலாம். 140இல் ஒரு வரி காணாமல்போகிறது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான துணைப்படைப் பத்திரங்களில் பணிக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை. எந்த வரலாற்றாசிரியரும் இதைச் சொல்லவில்லை, தகடுகளை அடுக்கியவர்கள் கண்டது. அப்பனுக்குக் கிடைத்ததால் மகனுக்கும் கிடைத்துவிட்டால், மகன் ஏன் படைக்கு வரப்போகிறான் என்று அரசு யோசித்திருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் ஊகம்.

ஊர் இந்த வீரர்களை எப்படிப் பார்த்தது? அன்பாக அல்ல. சம்பளத்தைச் செலவழிக்கும் வாடிக்கையாளராக வரவேற்றது, தடியோடு வரும் ஆளாக அஞ்சியது. லத்தீன் எழுத்தாளர் அப்புலேயஸின் நாவலில் ஒரு வீரன், வழியில் போகும் தோட்டக்காரனின் கழுதையைப் பறிக்கப் பார்க்கிறான். எபிக்டெட்டஸ் என்ற தத்துவ ஆசிரியர், வீரன் உன் கழுதையைப் பிடித்தால் விட்டுவிடு, எதிர்த்தால் அடியும் வாங்குவாய், கழுதையும் போகும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். தத்துவ வகுப்பில் உதாரணமாகும் அளவுக்குக் கழுதை பறிப்பு சகஜம். ஆனால் கோட்டை வாசலுக்கு வெளியே முளைத்த தெருக்களில் இருந்தவர்கள், பறிப்பவனுக்கும் பறிகொடுப்பவனுக்கும் ஒரே நேரத்தில் உறவுக்காரர்கள்.

197இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், வீரர்கள் மனைவியரோடு வாழலாம் என்று அனுமதித்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடியன் எழுதுகிறார். அது படையின் கட்டுக்கோப்பைக் குலைத்தது என்று குறையும் படுகிறார். விண்டோலாண்டாச் செருப்புகளை அவர் பார்த்திருக்கவில்லை.

எகிப்தில், அலெக்சாண்டிரியாவுக்கு அருகே நிக்கோபோலிஸில், இரண்டாம் டிராஜானா லீஜியனிலிருந்து ஓய்வு பெற்றவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று கல்லில் இருக்கிறது. ஆண்டு 194. அவர்கள் படையில் சேர்ந்தது 168இல், செவெரஸின் அனுமதிக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு முன். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சொந்த ஊர் இருக்கிறது. அலெக்சாண்டிரியா, சிரியா என்று சிலருக்கு. கணிசமானவர்களுக்கு ஊர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே சொல் வெட்டியிருக்கிறது. ‘காஸ்ட்ரிஸ்’. பாசறை.